ஆல்-வீல் டிரைவா, ஃபோர்-வீல் டிரைவா? வேகமான பிக்கப் டிரக்குகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவர் அதிகமுள்ள பிக்கப் என்று பேச்சு வந்தாலே குதிரைத்திறன் எத்தனை என்பதில் ஆரம்பித்து அதிலேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பவர் எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்காரும்போது நம் கைக்கும் முதுகுக்கும் தெரிவது பெரும்பாலும் அதுதான். நண்பர்களும் தெரிந்தவர்களும் பல வருடங்களாக என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், விஷயம் அப்படி.

இரண்டிலும் நாலு சக்கரமும்தானே இழுக்கிறது? அப்புறம் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் சக்கரத்தில் இல்லை, வண்டியின் நடுவில் இருக்கிறது. கியர்பாக்ஸை ஒட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒரு பெட்டி உண்டு. எஞ்சினிலிருந்து வருகிற பவரை முன் ஆக்சிலுக்கு ஒரு ஷாஃப்ட், பின் ஆக்சிலுக்கு ஒரு ஷாஃப்ட் என்று பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அந்தப் பெட்டிக்குள் இந்த இரண்டு ஷாஃப்ட்டும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பழைய பாணி ஃபோர்-வீல் டிரைவில், அதாவது வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் பார்ட்-டைம் வகையில், சாதாரணமாக, அதாவது 2எச் நிலையில், வண்டி பின்சக்கரத்தில்தான் ஓடும். 4எச் (சாதாரண வேகத்துக்கான நாலு சக்கர நிலை) போட்டதும் இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே இரும்புக் கம்பி மாதிரி இறுகிவிடும். முன்னால் எத்தனை சுற்றோ பின்னாலும் அத்தனை சுற்று.

நேராகப் போகும்வரை இதில் சிக்கல் இல்லை. வளையும்போதுதான் வருகிறது. வீல்பேஸ், அதாவது முன், பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரம், 3.5 மீட்டர் உள்ள ஒரு பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பின் ஆக்சிலின் நடுப்புள்ளி 6 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்றால் முன் ஆக்சிலின் நடுப்புள்ளி கிட்டத்தட்ட 6.95 மீட்டர் ஆரத்தில் போகும். ஒரு தெருமுனையில் 90 டிகிரி திரும்பி முடிப்பதற்குள் முன்பக்கம் பின்பக்கத்தைவிட 1.5 மீட்டர் அதிகமாக ஓடியிருக்கும். 33 அங்குல டயருக்கு அது அரைச் சுற்றுக்கும் மேல். ஆக்சிலின் பல்விகிதம் 4.10 என்றால் ஷாஃப்ட் கணக்கில் இரண்டு சுற்றுக்கும் மேல். இறுகிக் கிடக்கிற இரண்டு ஷாஃப்ட்டுக்கு நடுவே இந்த இரண்டு சுற்று எங்கே போகும்? தரை வழுக்கினால் டயர் கொஞ்சம் சறுக்கி அதைத் தீர்த்துவிடும். மண், சரளை, சேறு, பனி எதுவானாலும் சரி. தரை காய்ந்த கான்கிரீட்டாக இருந்தால் அந்த முறுக்கு உள்ளேயே ஏறிக்கொண்டு போகும்.

ஆல்-வீல் டிரைவில் நடுவே ஒரு டிஃபரன்ஷியலோ க்ளட்ச் அடுக்கோ இருக்கும். முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம் கொடுக்கிறது. அதனால் எந்த ரோட்டிலும், எந்த வளைவிலும், எந்நேரமும் நாலு சக்கரத்துக்கும் பவர் போகலாம். ஓட்டுநர் எதையும் தொட வேண்டியதில்லை.

காய்ந்த ரோட்டில் 4எச் போட்டு ஓட்டினால் உண்மையிலேயே கெட்டுவிடுமா?

ஒருமுறை போட்டதும் உடைந்துவிடாது. ஆனால் வண்டி அழுவது காதில் விழும்.

எனக்கு இது நன்றாக நினைவிருக்கிறது. பார்ட்-டைம் வகை பழைய பிக்கப் ஒன்றை மண் பாதையிலிருந்து இறக்கி, 4எச்-ஐ எடுக்க மறந்து, நேரே கான்கிரீட் தளம் போட்ட வாகன நிறுத்தத்துக்குள் விட்டேன். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தபோது யாரோ முன்னால் நின்று பம்பரைப் பிடித்துத் தள்ளுவது போல வண்டி நின்றது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு அடி நகர்ந்து நிற்கும். மறுபடி மிதித்தால் முன் டயர் ‘கிரீச்’ என்று ஒரு துள்ளு துள்ளி அடுத்த அடி. இறங்கிப் பார்த்தால் தரையில் கறுப்பாகக் கோடு கோடாகத் தேய்ந்திருந்தது. 2எச்-க்கு மாற்றலாம் என்று லீவரை இழுத்தால் வரவில்லை, உள்ளே முறுக்கு ஏறி பற்கள் கவ்விக்கொண்டிருந்தன. ஸ்டீயரிங்கை நேராக்கி ஏழெட்டு அடி பின்னால் எடுத்தபோது கீழே ‘டங்’ என்று ஒரு சத்தம். முறுக்கு விட்டது, லீவரும் வழிக்கு வந்தது.

அந்த ‘டங்’ சத்தம்தான் செலவு. அடிக்கடி அப்படி ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸின் சங்கிலி, யூ-ஜாயிண்ட், முன் ஆக்சிலின் பற்கள் எல்லாம் சீக்கிரம் தேயும். மழை பெய்து நனைந்த தார் ரோட்டிலும் நிறையப் பேர் 4எச் போடுகிறார்கள். நனைந்த தார் ரோடு நாம் நினைப்பதைவிட நன்றாகவே பிடிக்கும். நகருக்குள் வளைந்து வளைந்து ஓட்ட அதுவும் உகந்ததல்ல.

டயலில் 4ஏ அல்லது ஆட்டோ என்று இருக்கிறதே, அது எந்த வகை?

இரண்டு வகையும் சேர்ந்த ஏற்பாடு அது. இன்றைய வேகமான பிக்கப்புகளில் பாதிக் குழப்பம் இதனால்தான் வருகிறது.

டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் எண்ணெயில் நனைந்த க்ளட்ச் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு மின்மோட்டார் அவற்றை அழுத்தும் அல்லது விடும். அழுத்தம் கூடக் கூட முன் ஆக்சிலுக்குப் போகும் டார்க் (சுழற்றும் முறுக்குவிசை) கூடும். பின்சக்கரம் சுழல ஆரம்பித்த பிறகுதான் முதல் தலைமுறை ஏற்பாடுகள் விழிக்கும். இப்போதுள்ளவை நீங்கள் ஆக்சிலரேட்டரை அழுத்தும் வேகத்தையும் ஸ்டீயரிங் கோணத்தையும் பார்த்து முன்கூட்டியே அழுத்திவிடுகின்றன.

ஃபோர்டு எஃப்-150 ராப்டர் இதற்கு நல்ல உதாரணம். 2010 மாடலாக முதல் ராப்டர் வந்தபோது அதில் இருந்தது சாதாரண பார்ட்-டைம் ஏற்பாடு. 2017 மாடலாக இரண்டாம் தலைமுறை வந்தபோது டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்றினார்கள்: தேவைக்கேற்ப அழுத்தும் க்ளட்ச் அடுக்கும் உண்டு, 4எச் போட்டால் இரண்டு ஷாஃப்ட்டையும் இரும்போடு இரும்பாகப் பூட்டும் அமைப்பும் உண்டு. ஒரே பெட்டிக்குள் 2எச், 4ஏ, 4எச், மிக மெதுவாக ஊர்வதற்கான 4எல் நாலும். அதை ஃபோர்-வீல் டிரைவ் என்றுதான் விற்கிறார்கள், ஆனால் 4ஏ-வில் இருக்கும்போது அது செய்கிற வேலை ஆல்-வீல் டிரைவின் வேலை.

2021 மாடலாக வந்த ராம் 1500 டிஆர்எக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 702 குதிரைத்திறன், 2எச் என்ற நிலையே கிடையாது. எந்நேரமும் நாலு சக்கரம்தான். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்பதை மட்டும் ஓட்டுமுறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். அதோடு 4எல்-உம் உண்டு. இதையும் 4×4 என்றே அழைக்கிறார்கள்.

ஆகவே வண்டியின் பின்புறம் ஒட்டியிருக்கிற பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்றைக் கேளுங்கள்: நடுவில் வேக வித்தியாசத்துக்கு இடம் உண்டா, அதை முழுக்கப் பூட்ட முடியுமா, 4எல் உண்டா. மூன்றுக்கும் பதில் தெரிந்தால் அந்த வண்டி எங்கே ஜெயிக்கும், எங்கே திணறும் என்று ஓட்டிப் பார்க்காமலே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

நேராக வேகமெடுக்க நாலு சக்கரம் உண்மையில் எவ்வளவு உதவும்?

பிக்கப்பில் மற்ற வண்டிகளைவிட அதிகமாக உதவும். காரணம் எளிது: பின்னால் இருப்பது காலித் தொட்டி.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். தொட்டி காலியாக உள்ள ஒரு பெரிய பிக்கப். எடையில் 58 சதவீதம் முன்சக்கரங்கள் மேல், 42 சதவீதம் பின்சக்கரங்கள் மேல் என்று வைத்துக்கொள்வோம். வீல்பேஸ் 3.6 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர், டயரின் பிடிமானம் 0.9. பின்சக்கரம் மட்டும் இழுத்தால், வேகமெடுக்கும்போது எடை பின்னால் சாய்வதையும் சேர்த்துக்கொண்டாலும், அதிகபட்ச முடுக்கம் புவியீர்ப்பில் சுமார் 0.46 பங்குதான். அந்த அளவில் 0-100 கிமீ எட்ட ஏறத்தாழ 6 வினாடி. எஞ்சின் 400 குதிரையோ 700 குதிரையோ, டயர் அதற்கு மேல் தராது. நாலு சக்கரமும் இழுத்தால் முழு 0.9 பங்கும் கிடைக்கும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இன்னும் ஒன்று. 2.9 டன் எடை, 700 குதிரைத்திறன், பின்சக்கர டிரைவ் மட்டும் என்றால், ஏறத்தாழ 120 கிமீ வேகம் வரை டயர்தான் தடை, எஞ்சின் அல்ல. அதாவது ஊர் ரோட்டில் நாம் ஓட்டுகிற வேகம் முழுவதிலும் அந்தப் பவரில் பெரும்பகுதி புகையாகத்தான் போகும். நாலு சக்கரமும் இழுத்தால் 60 கிமீ அளவிலேயே டயரின் தடை முடிந்துவிடும், அப்புறம் எஞ்சின் தன் பலத்தைக் காட்டலாம். ராம் நிறுவனம் டிஆர்எக்ஸுக்கு 60 மைல் வேகத்தை எட்ட 4.5 வினாடி என்று சொன்னது. ஏறக்குறைய மூன்று டன் வண்டிக்கு அது சும்மா வரவில்லை.

வேகம் ஏறிய பிறகு இந்த லாபம் கரைந்துவிடும். 130 கிமீக்கு மேல் பிடிமானம் ஒரு பிரச்சினையே அல்ல. காற்றும் எடையும்தான் எதிரி. அங்கே கூடுதல் ஷாஃப்ட், கூடுதல் ஆக்சில் எல்லாம் சுமை.

வேகத்துக்காகவே ஆல்-வீல் டிரைவ் வைத்த பிக்கப் முன்பே இருந்ததா?

இருந்தது. அதைப் பற்றிப் பேசுவதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். 1991இல் ஜிஎம்சி வெளியிட்ட சைக்ளோன். சின்ன பிக்கப், 4.3 லிட்டர் வி6 எஞ்சினில் டர்போ, 280 குதிரைத்திறன். முன்னுக்கு 35, பின்னுக்கு 65 சதவீதம் டார்க். நடுவே விஸ்கஸ் கப்ளிங், அதாவது கெட்டியான திரவத்தால் இயங்கும் இணைப்பு. 4எல் கிடையாது, வண்டியும் தாழ்வு, தொட்டியில் சுமார் 225 கிலோதான் ஏற்றலாம். அமெரிக்க இதழ் ஒன்று அதே வருடம் அதை ஃபெராரி 348உடன் கால் மைல் ஓட விட்டது. சைக்ளோன் முந்தியது. 1991 மாடலாக மூவாயிரத்துக்கும் சற்றுக் குறைவான வண்டிகளே தயாராயின.

அந்தப் பந்தயத்தை எஞ்சினின் வெற்றியாகப் பலர் சொல்கிறார்கள். குதிரைத்திறனில் ஃபெராரிதான் மேல். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் சில பத்து மீட்டரில் நாலு டயரும் தரையைக் கவ்வியதுதான் சைக்ளோனின் வெற்றி. தூரம் இன்னும் நீண்டிருந்தால் முடிவு வேறு.

அதே பாதையை எல்லோரும் பின்பற்றவில்லை. 2004இல் வந்த டாட்ஜ் ராம் எஸ்ஆர்டி-10 வைப்பர் காரின் 8.3 லிட்டர் வி10 எஞ்சினோடு, 500 குதிரைத்திறனோடு வந்தது, பின்சக்கர டிரைவில். அகலமான டயரால் சமாளித்தார்கள். 2003இல் வந்த ஷெவர்லே சில்வராடோ எஸ்எஸ் 345 குதிரைத்திறனோடு ஆல்-வீல் டிரைவைத் தேர்ந்தெடுத்தது.

ஆல்-வீல் டிரைவ் இருந்தால் வளைவில் வேகமாகப் போகலாம்தானே?

வளைவிலிருந்து வெளியே வரும்போது, ஆம். வளைவுக்குள் நுழையும்போது இல்லை. பிரேக் பிடிக்கும்போது இல்லவே இல்லை.

பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. பனியிலோ மழையிலோ ஆல்-வீல் டிரைவ் வண்டி லேசாகக் கிளம்பிவிடுவதால் ரோடு நன்றாக இருக்கிறது என்று மனது நம்பிவிடும். நிறுத்த வேண்டிய இடத்தில்தான் உண்மை தெரியும். என் நண்பர் ஒருவரின் வண்டி அப்படித்தான் பள்ளத்தில் இறங்கியது. ஏறி வந்த அதே சரிவில் இறங்கும்போது. டயரைவிட டிரைவ் ஏற்பாட்டை நம்பியதுதான் தவறு. நல்ல டயர் போட்ட பின்சக்கர வண்டி, தேய்ந்த டயரோடு உள்ள ஆல்-வீல் டிரைவ் வண்டியைவிட சீக்கிரம் நிற்கும், நன்றாகவும் திரும்பும்.

வளைவில் முன் டயருக்கு இரண்டு வேலை: திருப்புவதும் இழுப்பதும். முன்னுக்கு டார்க் அதிகமாகப் போனால் திருப்பும் சக்தி குறைந்து வண்டி வளைவுக்கு வெளியே நழுவும். அதனால்தான் வேகமான பிக்கப்புகளில் பின்னுக்கு அதிகப் பங்கு கொடுக்கிறார்கள்.

4எல் உண்மையில் தேவைப்படுமா? பவர்தான் நிறைய இருக்கிறதே?

பவர் வேறு, கட்டுப்பாடு வேறு. 4எல் தருவது கட்டுப்பாடு.

முதல் கியர் 4.70, ஆக்சில் 4.10 என்றால் எஞ்சின் சுமார் 19 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. டிரான்ஸ்ஃபர் கேஸில் 4எல் விகிதம் 2.64 என்றால் அதே ஒரு சுற்றுக்கு எஞ்சின் சுமார் 51 சுற்று சுற்ற வேண்டும். ஜீப் கிளாடியேட்டர் ரூபிகான் மேனுவல் கியரில் இது 84ஐத் தாண்டும். எண் பெரிதாகப் பெரிதாக வண்டி எறும்பு போல ஊரும். ஒரு பாறையின் மேல் முன்சக்கரத்தை வைத்து, அடுத்த பக்கம் ‘தொப்’பென்று விழாமல் விரல் விரலாக இறக்குவதற்கு அதுதான் வேண்டும். செங்குத்தான சரிவில் இறங்கும்போது பிரேக்கைத் தொடாமல் எஞ்சினே பிடித்து நிறுத்தும். பிரேக் சூடாகாது, சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காது.

700 குதிரைத்திறன் இருந்தும் 4எல் இல்லாத வண்டி பாறையில் என்ன செய்யும்? எஞ்சினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள டார்க் கன்வெர்ட்டரை வதக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய் சூடாகிக்கொண்டே போகும், ஓட்டுநரின் கால் ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் நடுவே தடுமாறும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபோக்ஸ்வாகன் அமரோக்கின் முதல் தலைமுறையில், எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கோடு வந்த நிரந்தர ஆல்-வீல் டிரைவில் 4எல் இல்லை. முன்னுக்கு 40, பின்னுக்கு 60, நடுவே டார்சன் எனும் பற்சக்கர வகை டிஃபரன்ஷியல். முதல் கியரைச் சிறியதாக வைத்து ஈடு செய்தார்கள். சேற்றுப் பாதை, மலைப் பாதை, ஈரப் புல் எல்லாவற்றிலும் அது கௌரவமாகவே ஓடியது. பாறை ஏறாதவருக்கு 4எல் இல்லாமலும் வாழ்க்கை ஓடும்.

ஃபோர்-வீல் டிரைவ் போட்டும் என் வண்டி ஏன் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு நின்றது?

நடுவில் பூட்டினாலும் ஆக்சிலில் பூட்டவில்லை என்பதால். சாதாரண டிஃபரன்ஷியல் இடது, வலது சக்கரங்களுக்கு ஒரே அளவு டார்க்தான் தரும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதைச் சுற்ற எந்த டார்க்கும் வேண்டியதில்லை. அதே ‘எதுவுமில்லை’தான் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் போகும். வண்டி குறுக்காகப் பள்ளத்தில் இறங்கி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரம் தூக்கிக்கொண்டால், 4எச் போட்டிருந்தாலும் அந்த இரண்டும் வெறுமனே சுற்றும்.

டிஃபரன்ஷியல் லாக் இதற்குத்தான். இரண்டு பக்கமும் ஒரே வேகம், பிடிமானம் இருக்கிற பக்கத்துக்கே முழு டார்க். டிஆர்எக்ஸில் பின் ஆக்சிலில் லாக் உண்டு. 2022இல் வந்த ஃபோர்டு ரேஞ்சர் ராப்டரில் முன்னும் பின்னும் உண்டு. லாக் இல்லாத வண்டியில் சுற்றுகிற சக்கரத்தை மட்டும் கம்ப்யூட்டர் பிரேக் பிடித்து எதிர்ப்பைப் பொய்யாக உண்டாக்கும். வேலை செய்யும், ஆனால் சக்கரம் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் விழிக்கும்; பிரேக்கும் சூடாகும். இந்த ஏற்பாட்டில் தயங்கித் தயங்கி மிதித்தால் பயனில்லை. சீராக, விடாமல் மிதியுங்கள்; இரண்டு மூன்று வினாடியில் பிடித்துக்கொள்ளும்.

மணலில் எது நல்லது?

பூட்டிய 4எச். மணல் எந்நேரமும் இழுத்துப் பிடிக்கும். க்ளட்ச் அடுக்கை நம்பிய 4ஏ தொடர்ந்து வேலை செய்து சூடாகும். சில வண்டிகள் டாஷ்போர்டில் எச்சரித்துவிட்டு முன் ஆக்சிலைத் தாமே விடுவித்துவிடும், அதுவும் மணல்மேட்டின் நடுவே. இரும்போடு இரும்பு பூட்டிய ஏற்பாட்டுக்கு அந்தச் சூடு கிடையாது.

ஆனால் எந்த ஏற்பாட்டையும்விட முதலில் காற்றை இறக்குங்கள். 35 பி.எஸ்.ஐ.யில் புதைகிற வண்டி 15 முதல் 18 பி.எஸ்.ஐ.யில் மிதந்து போவதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். டயர் தரையில் நீளமாகப் படுத்து, கால் புதையும் மணலில் பலகை போட்டு நடப்பது போல ஆகிவிடும். வெளியே வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்றுங்கள்.

பாலைவனப் பந்தயங்களில் நீண்ட காலம் பின்சக்கர டிரக்குகளே ராஜாவாக இருந்தன என்பது பலருக்கு ஆச்சரியம். முன் ஆக்சிலுக்குப் பவர் கொடுத்தால் அங்கே ஷாஃப்ட் மூட்டுகள் வரும். அவை குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் மடங்காது. அதனால் சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகும் தூரம் குறையும். மேடு பள்ளத்தில் பறந்து விழுகிற வேகத்தில் இழுப்பைவிட அந்தத் தூரம்தான் முக்கியமாக இருந்தது. மூட்டுகள் மேம்பட்ட பிறகு நாலு சக்கரப் பந்தய டிரக்குகளும் அங்கே இறங்கி ஜெயிக்க ஆரம்பித்தன.

மழை, பனி, பாதி காய்ந்து பாதி நனைந்த ரோடு?

இங்கே ஆல்-வீல் டிரைவுக்குப் போட்டியே இல்லை. நிழலில் பனி, வெயிலில் காய்ந்த தார் என்று நூறு மீட்டருக்கு ஒருமுறை தரை மாறும்போது யாராலும் 4எச் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருக்க முடியாது. 4ஏ உள்ள வண்டி என்றால் அதில் விட்டுவிடுங்கள்.

ட்ரெய்லர் இழுப்பவர்களுக்கு?

நெடுஞ்சாலையில் காய்ந்த ரோட்டில் 2எச் போதும்; ட்ரெய்லரின் எடையே பின் ஆக்சிலை அழுத்திப் பிடித்திருக்கும். ஈரமான படகுத்துறைச் சரிவில் 4எல் போட்டு மெதுவாக ஏற்றுங்கள். கயிறு இறுகுவது போல ஒரே இழுப்பில் வரும், க்ளட்சோ கன்வெர்ட்டரோ துன்பப்படாது. எவ்வளவு இழுக்கலாம் என்பதை டிரைவ் வகை மட்டும் தீர்மானிப்பதில்லை. முன் ஆக்சிலின் எடை சேருவதால் ஒரே மாடலில் நாலு சக்கர வகையின் சுமைத்திறன் பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

மின்சார பிக்கப்புகளில் இந்தக் கேள்விக்கே அர்த்தம் உண்டா?

கேள்வி மாறிவிடுகிறது. ரிவியன் ஆர்1டி-யின் நாலு மோட்டார் வகையில் சக்கரத்துக்கு ஒரு மோட்டார். டிரான்ஸ்ஃபர் கேஸ் இல்லை, நடுவே ஷாஃப்ட் இல்லை, டிஃபரன்ஷியலும் இல்லை. முதலில் வந்தபோது 835 குதிரைத்திறன், 60 மைல் வேகத்துக்கு 3 வினாடி என்று நிறுவனமே சொன்னது. நின்ற நிலையிலேயே முழு டார்க் கிடைப்பதால் 4எல் இல்லாத குறையும் பெரிதாகத் தெரியாது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தை மட்டும் தள்ளி வண்டியைத் திருப்பவும் முடியும். இதுவரை சொன்ன ஆல்-வீல் டிரைவ் நன்மைகள் எல்லாம் இதில் பத்து மடங்கு நேர்த்தியாக நடக்கின்றன.

ஒரே ஒரு இடத்தில் பழைய இரும்பு ஜெயிக்கிறது. மூன்று சக்கரம் வழுக்கி ஒன்றுக்கு மட்டும் பிடிமானம் இருந்தால், லாக் போட்ட ஃபோர்-வீல் டிரைவ் எஞ்சினின் மொத்த டார்க்கையும் அந்த ஒரு சக்கரத்துக்கே அனுப்பும். நாலு மோட்டார் வண்டியில் அந்தச் சக்கரத்துக்குத் தன் மோட்டார் தருவது மட்டும்தான். மற்ற மூன்றின் பலத்தை அதற்குக் கடன் கொடுக்க வழி இல்லை. ஜிஎம்சி ஹம்மர் மின்சார வண்டியில் முன் ஆக்சிலுக்கு ஒரே மோட்டாரும் லாக்கும், பின்னால் இரண்டு மோட்டாரும் வைத்தார்கள். இரண்டு உலகத்தையும் சேர்க்கப் பார்த்த ஏற்பாடு.

பராமரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

டயர். ஆல்-வீல் டிரைவ் வண்டியில் ஒரு டயர் பஞ்சராகி அதை மட்டும் புதிதாகப் போட்டால் நாலும் ஒரே சுற்றளவு இருக்காது. வண்டி நேராகப் போகும்போதும் நடுவிலுள்ள க்ளட்சும் டிஃபரன்ஷியலும் ஓய்வில்லாமல் உழைத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்று கையேட்டில் இருக்கும், பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து முறைவைத்து மாற்றுவது நல்ல பழக்கம்.

அடுத்தது டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய். எஞ்சின் ஆயிலை மறக்காதவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். க்ளட்ச் அடுக்கு உள்ள வகைக்கு அதற்கென்று தனி எண்ணெய் உண்டு, கையில் கிடைத்ததை ஊற்றக்கூடாது. பார்ட்-டைம் வண்டி என்றால் மாதம் ஒருமுறையாவது மண் தரையில் 4எச், 4எல் போட்டு கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் வேண்டிய நாளில் நிலையை மாற்றும் மோட்டார் இறுகி நிற்கும்.

சரி, எதைத்தான் வாங்குவது?

பெரும்பாலும் ரோடு, எப்போதாவது மழை, மண்பாதை, ஆனால் வேகம் பிடிக்கும் என்றால் ஆல்-வீல் டிரைவ் அல்லது 4ஏ கட்டாயம். 300 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள பிக்கப்பை 2எச்-உம் 4எச்-உம் மட்டும் வைத்து வாங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ரோட்டில் அந்தப் பவரை அனுபவிக்க வழியில்லாமல் போகும். பாறை, ஆழச் சேறு, நீண்ட மணல்வெளி என்றால் பூட்டும் 4எச், 4எல், குறைந்தது பின் ஆக்சில் லாக். இந்த மூன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டும் வேண்டும் என்றால் ராப்டர், டிஆர்எக்ஸ் மாதிரி எல்லாம் உள்ள பெட்டி. மிட்சுபிஷி ட்ரைட்டனின் சூப்பர் செலக்ட்டும் வேகத்துக்குப் பேர் போனதல்ல என்றாலும் அந்த வகைதான். நடு டிஃபரன்ஷியலோடு ரோட்டிலும் ஓடும், பூட்டவும் செய்யும். விலையும் பழுதுச் செலவும் அதற்கேற்ப இருக்கும்.

பழைய வண்டி வாங்கும்போது நானே எப்படிச் சோதிப்பது?

முதலில் நாலு டயரையும் குனிந்து பாருங்கள்: ஒரே கம்பெனியா, ஒரே அளவா, ஒரே தேய்மானமா? வேறுவேறாக இருந்தால் உள்ளே என்ன தேய்ந்திருக்கும் என்று யோசியுங்கள். அப்புறம் படுத்து டிரான்ஸ்ஃபர் கேஸின் இரண்டு முனைகளிலும் எண்ணெய்க் கசிவும், முன் ஷாஃப்ட் மூட்டுகளின் ரப்பர் உறையில் கிழிசலும் உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

காலியான இடத்தில், காய்ந்த தரையில், 4ஏ போட்டு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நடை வேகத்தில் வட்டமடியுங்கள். வண்டி சீராக உருள வேண்டும். தடதடவென்று உதறினாலோ முனகினாலோ க்ளட்ச் அடுக்கோ எண்ணெயோ போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு சரளை தரைக்குப் போய், அங்கே மட்டும், 4எச் போட்டு அதே வட்டம். இப்போது ஸ்டீயரிங் கனத்து டயர் சரளையைக் கிளற வேண்டும். கிளறவில்லை என்றால் டாஷ்போர்டில் விளக்கு எரிந்தாலும் முன் ஆக்சில் சேரவில்லை. கடைசியாக வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து 4எல் போடுங்கள். ஒரு ‘க்ளக்’, விளக்கு மின்னி நிலைக்க வேண்டும். மின்னிக்கொண்டே இருந்தால் விலை பேசுவதற்கு முன் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.